மாமா வரும் வரை

வலயக் கல்விப் பணிமனையில் நடந்த கருத்தரங்கு முடிந்து புறப்படும்போது ஆளுக்கொரு சுவரொட்டியைச் சுருட்டிக் கையில் தந்தார்கள். கட்டிளமைப் பருவத்தினரின் சுகாதாரத்தை மேம்படுத்துவதற்கான தேசிய இலக்குகள் என்று மேலே பெரிய எழுத்தில் இருந்தது. கீழே நிறம் நிறமாகக் கட்டங்கள். குருதிச்சோகையைக் குறைப்பது ஒரு கட்டம், போதைப்பொருளைத் தடுப்பது இன்னொன்று, உடற்பயிற்சி, மனநலம், பற்சுகாதாரம் என்று மிச்சம். பேச வந்தவர் காலை முழுக்கப் பேசினார். மத்தியானம் தந்த சோற்றுப் பொதியைச் சாப்பிட்டுவிட்டு, சுவரொட்டியை ஸ்கூட்டியின் முன்பக்கம் செருகிக்கொண்டு நீர்வேலிக்கு வீடு வந்தேன். வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு மூலை நனைந்து, மனநலம் கொஞ்சம் கரைந்துவிட்டது.

அடுத்த நாள் அதைப் பாடசாலையின் சுகாதார அறையில் ஒட்டினேன். சுகாதார அறை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு கட்டில், நிறை பார்க்கும் தராசு, உயரம் அளக்கச் சுவரில் கீறிய கோடுகள், ஒரு மூலையில் பந்துகளும் கயிறுகளும். தோட்டக்காரர்களின் பிள்ளைகள் படிக்கிற, வலிகாமத்துக் கலவன் பாடசாலை ஒன்று அது. நான் அங்கே சுகாதாரமும் உடற்கல்வியும் படிப்பிக்கிறேன். பிள்ளைகளை எனக்கு முகத்தைவிட ஓட்டத்தால்தான் தெரியும். யார் எங்கே மூச்சு வாங்குவாள், யார் வயிற்றுக்குத்து என்று பொய் சொல்லிவிட்டு வேப்பமரத்து நிழலில் குந்துவாள் என்பதெல்லாம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. இந்த அகம்பாவம் எனக்கு இப்போதும் உண்டு.

நான் சொல்ல வந்தது தரம் ஏழில் படித்த ஒரு பிள்ளையைப் பற்றி. எங்கள் வலைப்பந்தாட்ட அணியில் அவள்தான் நடு ஆட்டக்காரி. மைதானத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடித் திரிய வேண்டிய இடம் அது. மெலிந்த உடம்பு, நீளமான கால்கள், பந்து கையில் வந்தால் அவளைப் பிடிக்க ஆளில்லை. வலய மட்டப் போட்டியில் இந்த முறை வெல்லலாம் என்று அவளை நம்பித்தான் அதிபரிடம் சண்டை பிடித்துப் புதுப் பந்துகள் வாங்கினேன். மார்கழி விடுமுறை முடிந்து வந்தபோது அவள் பாதித் தூரம் ஓடிவிட்டு, முழங்காலில் கைகளை ஊன்றிக்கொண்டு நின்றாள். உதடு வெளுத்துக் கிடந்தது.

"என்ன பிள்ளை, ஏலாதோ?" என்று கேட்டேன்.

"ஒண்டும் இல்லை ரீச்சர். காலமை சாப்பிடேல்லை," என்றாள்.

அதை நம்பினேன். காலையில் சாப்பிடாமல் வருகிற பிள்ளைகள் எங்களிடம் ஏராளம். விடிய எழும்பி டியூசனுக்கு ஓடி, அங்கிருந்து நேரே பாடசாலைக்கு வருகிறவர்கள் எப்போது சாப்பிடுவது? ஆனால் அவள் சட்டைப் பைக்குள் பச்சை அரிசி வைத்திருந்தாள். பாடவேளைக்குப் பாடவேளை ஒரு சிட்டிகை எடுத்து வாய்க்குள் போட்டு மென்றுகொண்டிருந்தாள். சங்கீத ஆசிரியை அதைக் கண்டுவிட்டு, "உப்பிடி அரிசி திண்டா கலியாணத்தண்டைக்கு மழைதான் பெய்யும். நாங்கள் குடையோடைதான் வரவேணும் போலை," என்று பகிடி விட்டார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. பிள்ளையும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடம்பில் இரத்தம் குறைந்தவர்களுக்கு அரிசி, சோக்கு, மண் என்று கண்டதையும் தின்ன ஆசை வரும் என்பது நான் படிப்பிக்கிற பாடம்தான்.

அந்த மாதம்தான் பெண்பிள்ளைகளுக்கு நப்கின் வாங்குவதற்கான வவுச்சர் வந்தது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்தேன். இவள் மட்டும் வாங்கவில்லை. "எனக்கு இன்னும் தேவையில்லை ரீச்சர்," என்று சொல்லிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். நானும் சரி, வேண்டிய நேரம் வாங்கலாம் என்று விட்டுவிட்டேன்.

மாசி மாதம் மருத்துவப் பரிசோதனைக்குச் சுகாதாரப் பணிமனையிலிருந்து வந்தார்கள். டொக்டர் இளம் பெண், வேலைக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. தரம் ஏழுப் பெண்பிள்ளைகளை விறாந்தையில் வரிசையாக நிறுத்தினோம். அரிசி தின்கிற பிள்ளையை நான் வேண்டுமென்றே முன்னுக்கு விட்டேன். டொக்டர் அவளுடைய கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். நகங்களைப் பார்த்தார்.

"பெரியபிள்ளையாகிட்டீரோ?"

"இல்லை," என்றாள் பிள்ளை. பின்னால் வரிசை நின்றது, பக்கத்தில் சுகாதாரப் பரிசோதகர் நின்றார், நான் நின்றேன். எல்லோருக்கும் கேட்டது.

அந்த 'இல்லை' பொய். அது அன்றைக்கு எனக்கும் தெரியாது, டொக்டருக்கும் தெரியாது. பூச்சிக் குளிசை கொடுத்தார், இரும்புக் குளிசை கொடுத்தார், கீரை சாப்பிடச் சொன்னார், இரத்தம் சோதிக்கத் துண்டு எழுதித் தந்தார். இரத்தம் குறைய என்னென்ன காரணம் இருக்கலாம் என்று பார்த்தாரோ, அதில் பெரிய காரணத்தை அந்த ஒரு சொல் அடித்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை பெரியபிள்ளையாவது அவளுடைய உடம்போடு முடிகிற விசயமல்ல. தாய்மாமனுக்குச் சொல்ல வேண்டும். தகப்பனின் சகோதரி வந்து தண்ணீர் வார்க்க வேண்டும். துடக்கு என்கிற தீட்டுக் கழியும் வரை பிள்ளை வீட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு மண்டபம், மாமன் கொண்டுவரும் சேலை, ஆராத்தித் தட்டுகள், வீடியோ, பறந்து படம் பிடிக்கிற கமரா. மாமன்மார் பாதிப்பேர் வெளிநாட்டில். அவர்களுக்கு லீவு கிடைப்பது ஆவணியில். பிள்ளையின் உடம்போ ஆவணி பார்த்து நடப்பதில்லை. இதற்கு எங்கள் சனம் கண்டுபிடித்த வழி மிகவும் இலகுவானது. வந்ததை வரவில்லை என்று வைத்துக்கொள்வது. மாமன் விமானம் ஏறின பிறகு, "பிள்ளை நேற்றுத்தான் பெரிசானவள்" என்று ஊருக்குச் சொன்னால் போதும். கேட்கிறவர்களும் வாயை மூடிக்கொண்டு வந்து ஆராத்தி எடுப்பார்கள். தங்கள் வீட்டிலும் நாளைக்கு இதுதானே.

இரத்தம் சோதிக்கிற துண்டு பிள்ளையின் கொப்பிக்குள்ளேயே கிடப்பதைக் கண்டு, நான் அவளுடைய வீட்டுக்குப் போனேன். தகப்பன் வாழைத் தோட்டத்துக்குப் போயிருந்தார். வீடு முழுக்கப் புதுப் பூச்சு மணம். குளியலறைக்கு மாபிள் பதித்துக்கொண்டிருந்தார்கள். தாய் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, தன்னுடைய அண்ணன் கனடாவிலிருந்து ஆவணியில் வருகிறார், கன வருடத்துக்குப் பிறகு முதற்தரம் வருகிறார், அதுதான் இந்த வேலையெல்லாம் என்று சொன்னார். முகமெல்லாம் சந்தோசம்.

நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன். "பிள்ளை பெரிசாகிட்டாளோ?"

"ஐயோ இல்லை ரீச்சர். ஆகினா உங்களுக்குச் சொல்லாமல் விடுவனோ? முதல் ஆளாய் உங்களுக்குத்தான் சொல்லுவன்," என்றார். கண்ணிமை அசையவில்லை. கதவுக்குப் பின்னால் பிள்ளை நின்றாள். நான் தாயிடம் இரத்தப் பரிசோதனையைப் பற்றி நாலு தரம் வற்புறுத்திச் சொல்லிவிட்டு வந்தேன். "ஓம் ரீச்சர், வாற கிழமை கூட்டிக்கொண்டு போறம்," என்றார். வாற கிழமை என்பது எங்கள் ஊரில் ஒரு நாளும் வராத கிழமை.

வைகாசியில் ஒரு பின்னேரம், போட்டிக்கான பயிற்சியின் நடுவில் அவள் விழுந்தாள். கல் தடக்கி விழவில்லை. நின்ற இடத்தில் கால் மடங்கி, பந்தை நெஞ்சோடு அணைத்தபடியே குந்தி, பிறகு சரிந்தாள். தூக்கினால் கை குளிர்ந்து கிடந்தது. ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். வழி முழுக்க அவளுடைய நெஞ்சு அடிப்பது என் கைக்குத் தெரிந்தது. எனக்குப் பயமாக இருந்தது. இத்தனை வருடத்தில் மயங்கி விழுந்த எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அப்படிப் பயந்ததில்லை.

இரத்தம் சோதித்துப் பார்த்து, இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை என்றார்கள். உடனே வார்ட்டில் மறித்து வைத்து இரத்தம் ஏற்றத் தொடங்கினார்கள். தாயும் தகப்பனும் ஓடி வந்தார்கள். வார்ட் டொக்டர் தாயிடம் எல்லாம் கேட்டார். வயிற்றுவலி உண்டா, மலத்தோடு இரத்தம் போகிறதா, குடும்பத்தில் யாருக்காவது இரத்த வருத்தமா, பிள்ளை பெரியபிள்ளையாகிவிட்டாளா?

"இன்னும் இல்லை டொக்டர்," என்றார் தாய். பக்கத்தில் மருந்துத் தள்ளுவண்டியோடு நின்ற நேர்ஸ் அவர்களுடைய ஒழுங்கைக்காரி, நாலு வீடு தள்ளி இருப்பவர். அவரைப் பார்த்து ஒரு சிரிப்பும் சிரித்துவிட்டுத்தான் சொன்னார்.

அடுத்த நாள் பாடசாலை விட்டதும் நான் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "ரீச்சர், இரத்தம் இவ்வளவு குறையிறதெண்டால், ஒண்டில் எங்கையோ போகுது, இல்லாட்டி உடம்பு உண்டாக்குதில்லை. போற இடம் ஒண்டும் தெரியேல்லை. அப்ப மற்றதைத்தான் பாக்கவேணும். எலும்புக்குள்ளை இருந்து எடுத்துச் சோதிக்கவேணும். கொழும்புக்கு அனுப்பவேண்டியும் வரலாம்."

"புற்றுநோயா இருக்குமோ?" என்று கேட்டேன்.

"இல்லை எண்டு இப்ப சொல்லேலாது. தாய் தகப்பனுக்கு அந்தச் சொல்லை இன்னும் சொல்லேல்லை. எலும்புச் சோதனையையும் கொழும்பையும்தான் சொன்னனான்," என்றார்.

கட்டிலடிக்கு வந்தேன். எலும்பில் ஊசி, கொழும்பு என்று கேட்டதிலேயே தகப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தாய் அம்மனுக்குக் காவடி நேர்ந்துகொண்டிருந்தார். பிறகு இருவரும் தொலைபேசியில் யாருக்கோ சொல்ல வெளியே போனார்கள். பிள்ளை என் கையைத் தொட்டு, குளியலறைக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். சேலைன் போத்தலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல நடத்திக் கூட்டிப்போனேன். ஒரு கையால் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நான் உதவிக்குப் போனேன். அப்போதுதான் கண்டேன். நப்கின் இல்லை, பழைய சேலைத் துணி, மடித்து மடித்து வைத்த துணி. அது முழுக்க நனைந்திருந்தது.

"எப்ப தொடக்கம்?" என்று கேட்டேன்.

"ஐப்பசியிலையிருந்து. வந்தா நிக்கிறேல்லை ரீச்சர். சில நேரம் ரெண்டு கிழமையும் போகும்."

"ஏன் பிள்ளை சொல்லேல்லை? டொக்டர் கேட்டவ. நான் கேட்டனான்."

"மாமா வருமட்டும் ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம் எண்டு அம்மா சொன்னவ." கொஞ்சம் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "நீங்களும் சொல்லிப்போடாதேங்கோ. தெரிஞ்சா என்னை வீட்டிலை இருத்திப்போடுவினம். மட்ச் வருகுது," என்றாள்.

தாய் மண்டபத்துக்காக மறைத்தார், மகள் பந்துக்காக மறைத்தாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்திருக்கிறார்கள். எனக்கு அவளை அடிக்க வேண்டும் போல இருந்தது, அணைக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. துணியை மாற்றி, முகம் கழுவிவிட்டு, கட்டிலில் கொண்டுவந்து படுக்க வைத்தேன். பிறகு வெளியே போய் நின்று கொஞ்ச நேரம் அழுதேன்.

தாய் தொலைபேசியை வைத்துவிட்டு நடைபாதையில் வந்துகொண்டிருந்தார். நான் குரலைத் தணித்துப் பேச நினைத்தேன், முடியவில்லை.

"உங்களுக்கு விசரோ? பிள்ளைக்கு இரத்தம் ஆறாய் ஓடுது. உள்ளை டொக்டர்மார் எலும்பைத் துளைக்கப்போகினம். நீங்கள் இன்னும் இல்லை எண்டு சொல்லிக்கொண்டு நிக்கிறியள்."

அவர் திகைத்துப் போனார். மறைத்தது பிடிபட்ட திகைப்பல்ல அது. அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. "உது எல்லாப் பொம்பிளையளுக்கும் வாறதுதானே ரீச்சர். முதல்லை அப்பிடித்தான் கூடக்குறையப் போகும். உதாலை ஆரும் ஆஸ்பத்திரிக்கு வந்தவையோ? உதுக்கும் உந்த வருத்தத்துக்கும் என்ன?"

நான் விளங்கப்படுத்தினேன். சின்ன வகுப்புக்குச் சொல்வது போலச் சொன்னேன். போகிற இரத்தம் எங்கிருந்து போகிறது, அதை உடம்பு எப்படித் திரும்பக் கட்டுகிறது, கட்டுவதைவிடக் கூடப் போனால் என்ன நடக்கும் என்று. அவர் கேட்கக் கேட்கச் சுவரோர வாங்கில் உட்கார்ந்துவிட்டார். பிறகு என்னைப் பார்க்காமல் கதைக்கத் தொடங்கினார்.

"சண்டைக்குப் பயந்து ஊரே வெளிக்கிட்ட அந்த இடப்பெயர்வு நேரம் எனக்கு இவளின்ரை வயது. தென்மராட்சியிலை ஒரு பள்ளிக்கூட மண்டபத்திலை முன்பின் தெரியாத சனத்துக்கு நடுவிலை கிடந்தனாங்கள். அங்கைதான் எனக்கு வந்தது. ஒரு துணி இல்லை. அண்ணை ஒண்டும் கேக்காமல் தன்ரை சாரத்தைக் கிழிச்சுத் தந்தவர். அவருக்கு மாத்தக்கூட வேறை சாரம் இல்லை. தண்ணி வாக்கேல்லை, ஒண்டும் செய்யேல்லை. கனடாவுக்குப் போகேக்கை சொன்னவர், 'உனக்குச் செய்யாததை உன்ரை பிள்ளைக்கு நான் வந்து செய்வன்' எண்டு. நான் அதுக்காகத்தான் ரீச்சர். வேறை ஒண்டுக்கும் இல்லை."

அந்தக் கதைக்கு முன்னால் என்னுடைய கோபம் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றது. நானும் அந்த இடப்பெயர்வில் நடந்தவள்தான். ஆனால் உள்ளே பிள்ளை கிடந்தாள். "உங்கடை அண்ணை வரேக்கை பிள்ளை இருக்கவேணும்," என்றேன். "டொக்டரிட்டை நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லவோ?"

அவர் எழும்பினார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வார்ட்டுக்குள் போனார். டொக்டர் அடுத்த கட்டிலடியில் நின்றார். பக்கத்தில் அதே ஒழுங்கைக்கார நேர்ஸ் நின்றார். காதோடு சொல்வார் என்று நினைத்தேன். அவர் காதோடு சொல்லவில்லை.

"டொக்டர், நான் பொய் சொன்னனான். பிள்ளை ஐப்பசியிலை பெரிசாகிட்டாள். இப்பவும் போய்க்கொண்டிருக்குது."

வார்ட்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளை போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டாள். எனக்கு அந்தத் தாயின்மேல் அப்போது வந்த மரியாதை இன்றைக்கும் குறையவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. வயிற்றை ஸ்கான் செய்தார்கள், இரத்தம் உறைகிறதா என்று பார்த்தார்கள். பயப்பட ஒன்றும் இல்லை, இந்த வயதில் சில பிள்ளைகளுக்கு இப்படிப் போவதுண்டு, குளிசையால் நிறுத்தலாம் என்றார் டொக்டர். எலும்புச் சோதனையும் கொழும்பும் கைவிடப்பட்டன. குளிசை கொடுத்துக் கொஞ்ச நாளில் போக்கு நின்றது. ஏற்றின இரத்தம் உடம்பிலேயே தங்கியது. உதட்டில் நிறம் வந்தது.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அன்று பொழுதுபடுவதற்குள் கதை ஒழுங்கைக்குப் போய்விட்டது. அடுத்த நாள் தகப்பனின் அக்கா ஒரு பெரிய பையோடு வந்து இறங்கினார். "தண்ணி வாக்கிற உரிமைக்காரி நான். நேர்ஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியவேணுமோ?" என்று கட்டிலடியில் நின்றே தொடங்கினார். பைக்குள் நல்லெண்ணெய், முட்டை, உழுத்தங்களி. பச்சை முட்டை கூடாது என்று நேர்ஸ் தடுத்தார். களியைப் பிள்ளை வழித்துச் சாப்பிட்டாள். அதைப் பார்க்க எனக்கு ஒன்று உறைத்தது. வீட்டில் உழுந்து வறுத்தால் மணம் அயலுக்குப் போய்விடும், முட்டை அதிகம் வாங்கினால் கடைக்காரன் கேட்பான். அதனால் இந்தப் பிள்ளைக்கு ஐப்பசியிலிருந்து ஒன்றும் கொடுக்கவில்லை. வழக்கத்தில் உடம்புக்கு நல்லதாக இருந்த பகுதியை விட்டுவிட்டு, படம் எடுக்கிற பகுதியை மட்டும் ஆவணி வரை பத்திரப்படுத்தி வைத்திருந்திருக்கிறார்கள்.

அந்த வருடம் போட்டியில் தோற்றோம். அவள் இல்லாமல் வேறென்ன நடக்கும்.

ஆவணியில் மாமா வந்தார். மண்டபம், சேலை, பறக்கும் கமரா எல்லாம் குறைவில்லாமல் நடந்தன. ஊருக்கே தெரிந்த விசயம் என்றாலும் அழைப்பிதழ் புதிதாக நடந்தது போலத்தான் இருந்தது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் போய் ஆராத்தி எடுத்தேன், வயிறு முட்டச் சாப்பிட்டேன். பிள்ளை நகைகளின் பாரத்தில் கழுத்தைத் திருப்ப முடியாமல் இருந்துகொண்டு, என்னைக் கண்டதும் பந்து எறிவது போலக் கையைக் காட்டினாள். பந்தியில் இருக்கும்போது மாமா எனக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். பெரிய, கனத்த மனிதர்.

"ரீச்சர், எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. தங்கச்சி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் இல்லாமலே செய்யுங்கோ எண்டிருப்பன். எனக்கு மண்டபமோ பெரிசு?" என்றார். என் இலையில் இன்னொரு பாயாசக் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனார்.

பிள்ளை இப்போதும் நடு ஆட்டக்காரிதான். பெரியபிள்ளையானவள் ஓடலாமா என்று தகப்பனின் அக்கா கேட்டபோது, டொக்டர் ஓடச் சொன்னவர் என்று தாய் ஒரு பச்சைப் பொய் சொன்னார். பொய் சொல்வதில் அவருக்கு இருக்கிற திறமையை நான் அப்போது மெச்சினேன்.

இந்த வருடம் மாசியில் மறுபடியும் மருத்துவப் பரிசோதனைக்கு வந்தார்கள். அதே டொக்டர். வரிசையில் நிறுத்தி வைத்துக் கேட்க வேண்டாம், ஒவ்வொருவராகச் சுகாதார அறைக்குள் அனுப்புகிறேன், கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள் என்றேன். போன வருடக் கதை முழுவதும் அவருக்குத் தெரியும். உடனே சம்மதித்தார். சுவரொட்டியில் எத்தனை கட்டம் போட்டாலும், பெண்பிள்ளை வாய் திறந்தால்தானே எந்த இலக்கும். பந்துகளை ஒரு பக்கம் ஒதுக்கி மூன்று கதிரை போட்டோம்.

மத்தியானத்துக்குக் கிட்ட ஒரு சின்னப் பிள்ளை வந்தாள். டொக்டர் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். உள்ளே வெள்ளைச் சீலை மாதிரி இருந்தது.

"பெரியபிள்ளையாகிட்டீரோ?"

"இல்லை," என்றாள். சத்தமாக, தெளிவாக.

டொக்டர் எழுதக் குனிந்தார். நான் இடையில் புகுந்தேன். "பிள்ளை, உமக்கு மாமா இருக்கிறாரோ?"

"ஓம் ரீச்சர். சுவிஸிலை இருக்கிறார்."

"வருவாரோ?"

"ஓம். ஆவணியிலை வாறார்." அவளுக்கு முகம் மலர்ந்தது.

"மாமா வருவார் எண்டு எப்ப தொடக்கம் பாத்துக்கொண்டிருக்கிறியள்?"

"கார்த்திகை விளக்கீட்டிலையிருந்து," என்றாள்.

டொக்டரின் பேனை நின்றது. பிள்ளை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் எழுந்து போய், கதவு நன்றாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து, அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.